3816547290 அடித்துப் பார்த்து வாங்குங்கள்: புறக்கோட்டைக் கல்குலேட்டர்கள் பற்றி

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ வெள்ளவத்தை காலி வீதியிலோ கல்குலேட்டர் கேட்டால், கடைக்காரர் பெட்டியைப் பிரித்து 1 + 1 அடித்து 2 வருவதைக் காட்டுவார். பற்றரியில் உயிர் இருக்கிறது என்பதற்கு மட்டுந்தான் அது சாட்சி. "நானா, ஒருக்கா நான் அடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டு மெஷினைக் கையில் வாங்குங்கள். அடிக்க வேண்டிய எண் 3816547290.

இந்த எண்ணில் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களும் ஒவ்வொரு தடவை வருகின்றன. ஆகவே இதை ஒருமுறை அடித்தாலே பத்து விசையும் சோதிக்கப்பட்டுவிடும். ஒரு விசை இறுகியிருந்தாலோ ஒரு அழுத்தலுக்கு இரண்டு தடவை பதிந்தாலோ திரையைப் பார்த்த உடனே தெரியும். ஆனால் நாங்கள் இந்த எண்ணைத் தேர்ந்ததற்கு அதைவிட நல்ல காரணம் உண்டு. முதல் இரண்டு இலக்கம் 38, அது 2ஆல் மீதியின்றிப் பிரிபடும். முதல் மூன்று 381, 3ஆல் பிரிபடும். 3816 ஐ 4ஆலும், 38165 ஐ 5ஆலும், 381654 ஐ 6ஆலும், 3816547 ஐ 7ஆலும், 38165472 ஐ 8ஆலும், 381654729 ஐ 9ஆலும் பிரிக்கலாம். முழு எண் 10ஆல் பிரிபடும். பத்து இலக்கங்களையும் ஒவ்வொரு தடவை வைத்து எழுதும் பத்திலக்க எண்களில் இந்தக் குணம் இது ஒன்றுக்கு மட்டுந்தான் உண்டு.

ஏன் ஒன்றே ஒன்று என்பதை மாணவர்கள் தாளிலேயே கண்டுபிடிக்கலாம். 10ஆல் பிரிபட வேண்டுமென்றால் கடைசி 0. அப்படியானால் ஐந்தாவது இடத்தில் 5 தவிர வேறெதுவும் நிற்காது. இரட்டை இடங்களில் இரட்டை இலக்கங்கள், மற்ற இடங்களில் ஒற்றை இலக்கங்கள். 4ஆல், 8ஆல் பிரிபடும் நிபந்தனைகள் நாலாவது, எட்டாவது இடங்களில் 2, 6 இரண்டையும் பூட்டிவிடும். எனவே இரண்டாவது, ஆறாவது இடங்களுக்கு 4, 8. முதல் மூன்றின் கூட்டுத்தொகை 3இன் மடங்கு, முதல் ஆறின் கூட்டுத்தொகையும் 3இன் மடங்கு என்பதால் நடுவிலுள்ள மூன்றும் 3இன் மடங்காக வேண்டும். அதற்கு 258, 654 என்ற இரண்டு வழிதான் உண்டு. இவ்வளவும் முடிந்தபின் மிஞ்சுபவை பத்தே பத்து எண்கள். அவற்றை 7 என்ற வாசலில் நிறுத்தினால் 3816547 மட்டும் உள்ளே போகும்.

இந்த இடத்தில்தான் மெஷின் வேலைக்கு வருகிறது. மிஞ்சிய பத்தின் முதல் ஏழு இலக்கங்கள் இவை: 1472589, 7412589, 1896543, 9816543, 7896543, 9876543, 1836547, 3816547, 1896547, 9816547. ஒவ்வொன்றையும் 7ஆல் பிரியுங்கள். 1472589 ÷ 7 என்றால் 12 இலக்கத் திரையில் 210369.857142 நிற்கும். 7ஆல் பிரிக்கும்போது தசமத்துக்குப் பின் 142857 என்ற ஆறு இலக்கங்களே சுற்றிச் சுற்றி வரும். மீதி 1 என்றால் .142857, மீதி 2 என்றால் .285714, 3க்கு .428571, 4க்கு .571428, 5க்கு .714285, 6க்கு .857142. ஆகவே மேலே மீதி 6 என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். முழுவெண் ஆறும் தசமம் ஆறுமாக ஒரு முழுச் சுற்றும் திரையில் அடங்குவது 12 இலக்க மேசைக் கல்குலேட்டரின் அழகு.

மேசைக் கல்குலேட்டரில் மிக அடிக்கடி நடக்கும் பிழையும் இங்கேதான் வரும். திரைக்குக் கீழே இரண்டு சறுக்கு சுவிட்சுகள் இருக்கும். ஒன்று எத்தனை தசமம் என்று தீர்மானிப்பது, மற்றது மட்டந்தட்டும் முறை. கடைகளிலும் கந்தோர்களிலும் காசுக் கணக்குக்காகத் தசமத்தை 2இல் அல்லது 0இல் வைத்திருப்பார்கள். அது 0இலும் மட்டந்தட்டல் 5/4இலும் (5 என்றால் மேலே, 4 என்றால் கீழே) இருந்தால், 9816547 ÷ 7 என்பதற்கு 1402364 என்று சுத்தமான முழுவெண் வரும். உண்மையில் அது 1402363.857142 என்று போகும். பிரிபடாத எண் பிரிபடுவதுபோலக் காட்டிவிடும். எண்களோடு விளையாட உட்காரும் முன் சுவிட்சை மிதவை நிலைக்கு, அதாவது எஃப் என்ற எழுத்துக்குத் தள்ளுங்கள். ஏ அல்லது ஏடிடி2 என்று ஒரு நிலை இருந்தால் அதை இன்னும் கவனியுங்கள். அதில் 100ஐக் கூட்டினால் மெஷின் 1.00 என்று எடுத்துக்கொள்ளும். காசாளருக்கு நல்லது, முழுவெண்ணுக்கு நஞ்சு.

இனி எட்டு இலக்கச் சின்ன மெஷின். சட்டைப் பையில் வைக்கலாம், விலையும் குறைவு, மரக்கறிக் கணக்குக்குப் போதும். ஆனால் 3816547290 அடித்தால் எட்டாவது இலக்கத்துக்குப் பிறகு இந்த வகையில் பெரும்பாலானவை காது கேளாததுபோல இருந்துவிடும். திரையில் 38165472 நிற்கும். கடைசி 9உம் 0உம் விழுங்கப்பட்டதை மெஷின் சொல்லாது. அதை 9ஆல் பிரித்தால் 4240608 என்று மீதியின்றி வேறு வரும்! 1 முதல் 9 வரை கூட்டினால் 45, விழுங்கிய 9ஐக் கழித்தால் 36, அதுவும் 9இன் மடங்கு. பிழையான விடை சரியான விடையின் தோற்றத்தில் வருவது எவ்வளவு சுலபம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

விடை பெரிதானால் மட்டும் இந்த மெஷின் நேர்மையாக இருக்கும். 12345679 × 8 = 98765432, எட்டு இலக்கத்துக்குள் சரியாக அடங்கும். (எண்ணில் 8 இல்லை, அது அச்சுப்பிழையல்ல.) அதையே 9ஆல் பெருக்கினால் 111111111 வர வேண்டும், அது ஒன்பது இலக்கம். திரையில் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தும் 1.1111111 என்ற எண்ணும் வரும். பிழை என்று பயந்து அழித்துவிடாதீர்கள். பத்துக்கோடியால் பெருக்கிக்கொள் என்பதே அதன் பொருள். அழிக்கும் வரை மற்ற விசைகள் வேலை செய்யாது.

12 இலக்க மேசைக் கல்குலேட்டருக்கே எங்கள் முதல் வாக்கு. செட்டியார் தெரு நகைக்கடை மேசைகளில் கிடக்கும் அதே வகைதான். விசைகள் பெரியவை, திரை சாய்ந்து நிற்கும், மும்மூன்று இலக்கமாகக் காற்புள்ளியும் போடும். கடையிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனை: 9814072356 அடித்து வர்க்கமூல விசையை அழுத்துங்கள். 99066 என்று தசமமின்றி வர வேண்டும். இதிலும் பத்து இலக்கங்களும் ஒவ்வொரு தடவை வருகின்றன. அப்படிப்பட்ட வர்க்க எண்களில் இதுவே ஆகப் பெரியது. 99066 வந்ததும் மெஷினைத் தலைகீழாகத் திருப்புங்கள், அப்போதும் 99066 என்றே வாசிக்கலாம்.

சமன் விசையின் தரத்தைப் பார்க்க 2இன் வலுக்கள் உதவும். 2, பிறகு பெருக்கல் விசை (சில மொடல்களில் இரண்டு தடவை), பிறகு சமன் விசையை அழுத்திக்கொண்டே போங்கள். 4, 8, 16 என்று இரட்டிக்கும். 38ஆவது அழுத்தலில் 549,755,813,888 வரும். அது 2³⁹, 12 இலக்கத்தில் அடங்கும் கடைசி வலு. அடுத்த அழுத்தலில் ஈ வர வேண்டும். முன்னதாகவே வந்தால் ஒரு அழுத்தல் இரண்டாகப் பதிந்திருக்கிறது. பிந்தி வந்தால் ஒன்று பதியவில்லை. இரண்டில் எது நடந்தாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேளுங்கள்.

பன்னிரண்டு இலக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 137438953471 ஐ எடுத்துக்கொள்ளலாம். இது 2³⁷ − 1. முதன்மை எண்ணா (தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள்) என்று பார்க்க ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் பிரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வலு 37 ஒரு முதன்மை எண் என்பதால், இதன் முதன்மைக் காரணி எதுவானாலும் 74இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவத்தில்தான் இருக்கும். 75 முதன்மையல்ல. 149ஆல் பிரித்தால் 922409083.697 வரும், ஆகாது. அடுத்தது 223. பிரியுங்கள்: 616318177. முடிந்தது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 1640இல் கண்ட காரணி இது. விதி தெரிந்தவருக்கு இரண்டே வகுத்தல். எட்டு இலக்க மெஷினில் இந்த எண்ணை அடிக்கவே முடியாது.

இதைவிடப் பெரியதும் முடியும். 2⁶⁷ − 1 என்பது 21 இலக்கம்: 147573952589676412927. இது முதன்மையல்ல என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 1876இலேயே காட்டிவிட்டார், ஆனால் காரணிகள் எவை என்று தெரியவில்லை. 1903இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் 193707721 × 761838257287 என்று எழுதிப் பெருக்கிக் காட்டினார். அந்தப் பெருக்கலை 12 இலக்க மெஷினில் அப்படியே அடித்தால் ஈதான் வரும். ஆறாறு இலக்கமாக வெட்டினால் வரும். முதல் எண்ணை 193 | 707721 என்றும், இரண்டாவதை 761838 | 257287 என்றும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறிலக்கத்தை ஆறிலக்கத்தால் பெருக்கினால் 12 இலக்கத்தைத் தாண்டாது என்பதுதான் இதன் சூட்சுமம்.

வலப்பக்கத் துண்டுகளைப் பெருக்குங்கள்: 707721 × 257287 = 182,087,412,927. கடைசி ஆறு இலக்கம் 412927 ஐ விடைக்கு எழுதி, 182087 ஐக் கையில் வையுங்கள். இப்போது நினைவகத்தைச் சுத்தமாக்குங்கள். திரை மூலையில் எம் என்ற எழுத்து மறைந்திருக்க வேண்டும். மறையாமல் தொடங்கினால் பழைய கணக்கின் மீதி உள்ளே கிடந்து எல்லாவற்றையும் கெடுக்கும், இந்தப் பெருக்கலில் நடக்கும் பிழைகளில் பல இதனால் வருவது. பிறகு 193 × 257287 அடித்து எம்+ (49,656,391 சேரும்). 707721 × 761838 அடித்து எம்+ (539,168,751,198 சேரும்). கையிலுள்ள 182087 அடித்து எம்+. நினைவகத்தை அழைத்தால் 539,218,589,676. கடைசி ஆறு 589676 ஐ விடையில் இடப்பக்கமாக எழுதுங்கள், கையில் 539218. கடைசியாக 193 × 761838 = 147,034,734. அதோடு 539218 ஐக் கூட்டினால் 147,573,952. மூன்று துண்டையும் சேர்த்து வாசியுங்கள்: 147573952 589676 412927. கோல் கரும்பலகையில் செய்து காட்டிய அதே பெருக்கல், நாலு பெருக்கலில் உங்கள் மேசையில். துண்டு ஏதாவது பூச்சியத்தில் தொடங்கினால் அந்தப் பூச்சியத்தையும் எழுத வேண்டும், 004512 ஐ 4512 என்று எழுதினால் முழு விடையும் இடம் மாறிப்போகும்.

விஞ்ஞானக் கல்குலேட்டர்களில் கேசியோ எஃப்எக்ஸ்-991ஈஎஸ் பிளஸை எடுத்துக்கொள்கிறோம். கொழும்பில் ரியூசன் பிள்ளைகள் கையில் அடிக்கடி காணும் வகை. திரையில் காட்டுவது 10 இலக்கம், உள்ளே கணக்குப் பார்ப்பது 15 இலக்கம். இந்த ஐந்து இலக்க வித்தியாசம் பலருக்குத் தெரியாத புதையல். 111111 ஐ வர்க்கிக்கும்போது 1.234565432×10¹⁰ என்று வரும், கடைசி இலக்கம் ஒளிந்துவிடும். விடையிலிருந்து 12000000000 ஐக் கழியுங்கள், 345654321 என்று முழுதாக வெளிவரும். ஆகவே விடை 12345654321. பதினைந்து இலக்கம் வரை இந்த வழியை நம்பலாம். அதற்கு மேலே உள்ளே இல்லாததைக் கழித்து வரவழைக்க முடியாது.

இந்த மெஷினின் உண்மையான பெறுமதி காரணிப்படுத்தும் விசை. ஒரு எண்ணை அடித்து சமன் போட்டு, ஷிப்ட் அழுத்தி, பாகை-கலை-விகலை விசைக்கு மேல் ஃபாக்ட் என்று எழுதியிருப்பதை அழுத்தினால் முதன்மைக் காரணிகள் வரும். 9814072356 ஐக் கொடுத்தால் 2² × 3² × 11² × 19² × 79² என்று ஒரு நொடியில் விரித்துக் காட்டும். ஆனால் எல்லைகள் உண்டு. எண் 10 இலக்கத்தைத் தாண்டக்கூடாது. மெஷின் மூன்று இலக்கம் வரையுள்ள முதன்மை எண்களால் மட்டுமே பிரித்துப் பார்க்கும். அப்படிப் பிரித்தபின் மிஞ்சுவது 1018081 அல்லது அதற்கு மேலாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும். 1018081 என்பது 1009இன் வர்க்கம், 1009 முதலாவது நான்கிலக்க முதன்மை எண். அதற்குக் கீழே மிஞ்சுவது நிச்சயம் முதன்மை எண். அதற்கு மேலே மெஷினால் எதுவும் சொல்ல முடியாது.

இதைப் பலர் பிழையாக வாசிக்கிறார்கள். அடைப்புக்குறி என்றால் "முதன்மை எண்" என்று அர்த்தமல்ல, "எனக்குத் தெரியாது" என்று அர்த்தம். 73939133 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். வலப்பக்கமிருந்து ஒவ்வொரு இலக்கமாக வெட்டிக்கொண்டே போனாலும், 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7 என்று எல்லாமே முதன்மை எண்கள். இந்தக் குணமுள்ள எண்களில் ஆகப் பெரியது இதுதான். மெஷினோ 739391 வரை குறியின்றிக் காட்டி, 7393913இலும் 73939133இலும் அடைப்புக்குறி போடும். எண்ணின் குணம் மாறவில்லை, மெஷினின் எல்லை வந்துவிட்டது.

அடைப்புக்குறியை எப்படித் திறப்பது? 4294967297 ஐக் கொடுங்கள். 2³² + 1, முதன்மை எண் என்று ஃபெர்மா நம்பியது. மெஷின் 641 × (6700417) என்று காட்டும். 641 ஐ 1732இல் கண்டவர் கணிதவியலாளர் ஓய்லர். மிஞ்சிய 6700417 முதன்மைதானா? அதன் வர்க்கமூலம் 2588.5 அளவில். அதுவரையுள்ள எல்லா முதன்மை எண்களாலும் பிரிப்பதென்றால் பின்னேரம் முழுக்கப் போய்விடும். ஆனால் 2³² + 1இன் முதன்மைக் காரணி எதுவும் 128இன் மடங்கோடு 1 என்ற வடிவத்தில்தான் இருக்கும். 2588க்குக் கீழே அந்த வடிவத்தில் உள்ள முதன்மை எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. முதல் மூன்றையும் மெஷின் ஏற்கனவே பார்த்துவிட்டது, மூன்று இலக்கம் என்பதால். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு வகுத்தல். 6700417 ÷ 1153 = 5811.28…, 6700417 ÷ 1409 = 4755.44…. இரண்டும் பிரிபடவில்லை. 6700417 முதன்மை எண். மெஷின் விட்ட இடத்திலிருந்து மனிதர் எடுத்து முடிக்கும் இந்த இரண்டு வரிக்காகவே இந்த மொடலை வாங்கலாம் என்பது எங்கள் எண்ணம். இதற்குக் குறைந்த மொடல் வாங்குபவர்கள் விசைப் பலகையில் ஃபாக்ட் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"போன் இருக்கும்போது இதெல்லாம் ஏன்?" என்பவர்களுக்கு ஒரு சோதனை. போனில் 2⁶⁴ − 1 அடியுங்கள். சரியான விடை 18446744073709551615. ஆண்ட்ரொய்டில் வரும் கூகுள் கல்குலேட்டரில் முதலில் சுருக்கமாகத் தெரிந்தாலும், விரலால் இடப்பக்கம் தள்ளினால் கடைசி 1615 வரை சரியாக வரும். இந்த வேலைக்கு அதை மனதாரச் சிபாரிசு செய்கிறோம். இணையப் பக்கங்களிலுள்ள பல கல்குலேட்டர்கள் 18446744073709552000 என்று முடிக்கும். அவை 16 இலக்கத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருப்பதில்லை. எக்ஸெல் 15 இலக்கத்தோடு நிறுத்திவிடும். கோலின் 21 இலக்க எண்ணை ஒரு கட்டத்தில் அடித்தால் 147573952589676000000 என்று கடைசி ஆறையும் பூச்சியமாக்கி, எச்சரிக்கையும் தராமல் வைத்துக்கொள்ளும். கொம்பியூட்டரில்தான் செய்ய வேண்டுமென்றால் பைத்தன் என்ற நிரல்மொழியைப் போடுங்கள், அதில் முழுவெண்ணுக்கு இலக்க எல்லை என்று ஒன்றுமில்லை.

வாங்கும்போது சில விஷயம். சூரியக் கலம் உள்ள மெஷினென்றால் கலத்தை விரலால் மூடிவிட்டு 3816547290 அடியுங்கள். திரை மங்கினால் உள்ளே பற்றரி செத்துவிட்டது, அல்லது பற்றரியே இல்லை, வெறும் கலம்தான். 991ஈஎஸ் பிளஸ் எல்ஆர்44 பொத்தான் பற்றரி ஒன்றில் ஓடும், அதை மாற்றப் பின்மூடியின் ஆணிகளைக் கழற்ற வேண்டும், சின்ன நட்சத்திரத் திருப்புளி போதும். மேசைக் கல்குலேட்டரில் திரையை ஒரு பக்கமிருந்து பாருங்கள். 8இன் ஏழு கோட்டில் ஒன்று விடுபட்டால் 6ஓ 9ஓ 0ஓ ஆகிவிடும். 888888888888 என்று பன்னிரண்டு எட்டையும் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்ல வேண்டும்.